'ஹீ'யா, 'ஷீ'யா, 'இட்'டா, 'தே'யா: ஆங்கிலத்தில் இதை முடிவு செய்வது எது?

கதவு தட்டும் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து "யாரது?" என்றுதான் கேட்கிறோம். தட்டியது ஒரு ஆள் என்று நமக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அங்கே ஒரு 'அது' வந்து ஒட்டிக்கொள்கிறது. "நான்தான், குமார்" என்று குரல் வந்த அடுத்த நொடியே பக்கத்தில் இருப்பவரிடம் "அவன் வந்துட்டான்" என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். "ஹூ இஸ் இட்?" என்று கேட்பார்கள், "இட்ஸ் மீ" என்று பதில் வரும், அப்புறம் "ஹீ இஸ் ஹியர்" என்பார்கள். வெளியே நிற்கிற ஆள் மாறவே இல்லை, அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதுதான் மாறியது. அதற்குள் 'இட்' போய் 'ஹீ' வந்துவிட்டது.

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு ரொம்பச் சின்னது: ஆணுக்கு 'ஹீ', பெண்ணுக்கு 'ஷீ', பொருளுக்கும் விலங்குக்கும் 'இட்', ஒன்றுக்கு மேல் போனால் 'தே'. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதோடு நின்றுவிட்டால், குழந்தைக்கு 'இட்' வரும்போதும் கப்பலுக்கு 'ஷீ' வரும்போதும் ஒரே ஒரு கத்தரிக்கோலுக்கு 'தே' வரும்போதும் ஒவ்வொன்றையும் விதிவிலக்கு என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதாகிவிடும். அவற்றில் பெரும்பாலானவை விதிவிலக்கே கிடையாது. புரோநவுன் என்று வகுப்பில் சொல்கிறோமே, அந்தப் பிரதிப்பெயர், முன்னால் வந்த சொல்லின் உருவத்தைக் கொஞ்சமும் அதன் அர்த்தத்தை நிறையவும் பார்க்கிறது. அர்த்தம் என்றால் அகராதியில் இருக்கும் அர்த்தம் மட்டும் இல்லை, பேசுகிறவர் அந்தச் சொல்லை வைத்து இந்த நேரத்தில் எதைச் சுட்டுகிறார் என்பதும் சேர்த்துத்தான்.

எல்லா மொழியும் இப்படி இல்லை. பிரெஞ்சில் மேசை பெண்பால். மேசையில் பெண்மை எங்கே இருக்கிறது என்று தேடிப் பயன் இல்லை, அந்தச் சொல் அந்த வகுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் 'மெட்ஷன்' என்ற சொல் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, மூன்றாவது வகை. இந்தி படித்தவர்கள் பட்ட பாடும் இதுதான்: 'கிதாப்' பெண்பால், ஆனால் அந்தப் புத்தகம் எதனால் ஆனதோ அந்த 'காகஸ்' ஆண்பால். இங்கெல்லாம் சொல்லைப் பார்த்துத்தான் பால் தெரியும், உலகத்தைப் பார்த்துத் தெரியாது.

தமிழ் அப்படி இல்லை, அதனால் ஆங்கிலப் பிரதிப்பெயரைப் பிடிக்க நமக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்று நன்னூல் சொல்லும்போது அது சொல்லின் ஈற்றையோ ஓசையையோ பார்க்கவில்லை, அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதைப் பார்க்கிறது. ஆங்கிலமும் அதே வகைதான், கொஞ்சம் தளர்ச்சியான வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஜெர்மன் போலவே மூன்று பால்கள் இருந்தன. கல் ஆண்பால், சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். பெண் என்று பொருள்படும் 'வீஃப்' என்ற சொல் ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் மூன்றாவது வகையில் கிடந்தது. அதே பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்மன்' என்ற இன்னொரு சொல், இன்றைய 'வுமன்' இதிலிருந்துதான் வந்தது, ஆண்பால்! ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதற்கு அடுத்தது. 'வீஃப்' என்று எழுதிவிட்டு அடுத்து அவளைச் சுட்டும்போது, அந்தக் காலத்து ஆட்களே பல இடங்களில் சொல்லின் பாலை விட்டுவிட்டுப் பெண்ணுக்குரிய பிரதிப்பெயரைப் போட்டிருக்கிறார்கள். இலக்கணம் ஒரு பக்கம் இழுக்க, கண்ணெதிரே இருக்கிற பெண் இன்னொரு பக்கம் இழுத்திருக்கிறாள், பிரதிப்பெயர் பெண் பக்கம் சாய்ந்துவிட்டது. 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 14-ஆம் நூற்றாண்டுக்குள் அந்தச் சொற்பால் முறை ஆங்கிலத்திலிருந்து படிப்படியாகக் கழன்றுபோனது. மிஞ்சியது அர்த்தம்.

சரி, குழந்தைக்கு வருவோம். "தி பேபி இஸ் க்ரையிங். இட் இஸ் ஹங்க்ரி." ஆணா பெண்ணா என்று தெரியாத குழந்தை என்றால் இந்த 'இட்' தாராளமாகச் செல்லும். நாமும் "குழந்தை அழுகிறது" என்றுதான் சொல்கிறோம், "அழுகிறாள்" என்றால் அது யாருக்கோ தெரிந்த குழந்தை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: பெற்றோரிடம் நேராகப் பேசும்போது அவர்கள் குழந்தையை 'இட்' என்றால் முகம் சுருங்கிவிடும். இலக்கணப்படி குற்றம் இல்லை, ஆனால் "உங்கள் குழந்தை எனக்கு இன்னும் ஒரு ஆளாகத் தெரியவில்லை" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். தெரியவில்லை என்றால் கேட்டுவிட்டு 'ஹீ' அல்லது 'ஷீ' போடுவதுதான் நல்லது.

விலங்குகளுக்கும் இதே தராசுதான். தெருவில் போகிற நாய் 'இட்'. வீட்டில் பெயர் வைத்து வளர்க்கிற நாய் 'ஹீ' அல்லது 'ஷீ'. நாய் என்ற சொல் ஒன்றேதான், நாய்க்கும் பேசுபவருக்கும் உள்ள உறவுதான் வேறு. இதைப் புதுசாகக் கற்றுக்கொள்கிறோம் என்று நினைக்கவே வேண்டாம். பாடப்புத்தகத்தில் திணை வழுவமைதி என்று ஒன்று படித்தோமே, பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது. அஃறிணையான பசு உவப்பினால் உயர்திணை ஆகிறது, அது வழு இல்லை, ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கு என்று நம் இலக்கணக்காரர்கள் அதற்கு இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் தன் நாயை 'ஷீ' என்பதும் இந்த அம்மை வந்த வழிதான்.

கப்பலை 'ஷீ' என்பதும் அதே உவப்பில் தொடங்கியதுதான், கடலில் மாதக்கணக்காக உயிரை ஒப்படைத்திருக்கும் ஒன்றை வெறும் 'இட்' என்று சொல்ல மாலுமிகளுக்கு மனம் வந்திருக்காது. ஆனால் வழக்கம் மாறுகிறது. 1734-இல் தொடங்கிய கப்பல் துறைப் பத்திரிகையான 'லாயிட்ஸ் லிஸ்ட்' 2002-இல் இனி கப்பல்களை 'இட்' என்றே எழுதுவோம் என்று முடிவெடுத்தது. நீங்கள் தேர்வுக்கோ அலுவலகத்துக்கோ எழுதுகிறீர்கள் என்றால் கப்பலுக்கும் நாட்டுக்கும் 'இட்' போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

'ஹூ', 'விச்' இரண்டுக்கும் தனியாகப் பாடம் தேவையில்லை. 'ஹீ', 'ஷீ' வரும் இடத்தில் 'ஹூ', 'இட்' வரும் இடத்தில் 'விச்', பெயர் வைத்த நாய்க்கு 'ஹூ' வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இப்போது தமிழ் நம்மைத் தடுக்கி விடுகிற ஒரு இடம். "எங்க பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க" என்று பேசிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் "மை கிராண்ட்மதர் ஹேஸ் கான் டு தி வில்லேஜ். தே வில் கம் டுமாரோ" என்று சொல்லிவிடும். பாட்டியை 'ஷீ' என்றால் 'அவள்' என்று மரியாதையில்லாமல் சொன்ன மாதிரி உள்ளுக்குள் உறுத்துகிறது. அந்த உறுத்தல் நல்ல உறுத்தல்தான், ஆனால் ஆங்கிலத்தின் படர்க்கையில் மரியாதைக்கு என்று தனிப் பெட்டி கிடையாது. 'ஷீ'க்குள் அவளும் இருக்கிறாள், அவரும் இருக்கிறார், அவங்களும் இருக்காங்க. பாட்டிக்கும் ஷீ, பேத்திக்கும் ஷீ. கேட்பவருக்கு அந்த 'தே' மரியாதையாகக் கேட்காது, பாட்டியோடு வேறு யாரோ வருகிறார்கள் போல என்றுதான் தோன்றும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நம்முடைய 'அவர்' ஆணா பெண்ணா என்று சொல்லாமலே காரியத்தை முடித்துவிடும். "டாக்டர் வந்தார், அவர் மருந்து எழுதிக்கொடுத்தார்" என்பதில் டாக்டர் ஆண் என்று எங்கும் இல்லை. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது கை தானாக 'ஹீ' போடும். 'டாக்டர்', 'டீச்சர்', 'கசின்', 'ஃப்ரெண்ட்' எந்தச் சொல்லிலும் பால் இல்லை, அந்த ஆளைத் தெரிந்தால்தான் 'ஹீ'யா 'ஷீ'யா என்று எழுத முடியும். டாக்டர் என்றால் 'ஹீ', நர்ஸ் என்றால் 'ஷீ' என்று போடுவது சொல்லின் அர்த்தத்திலிருந்து வரவில்லை, நம் தலைக்குள் இருக்கும் படத்திலிருந்து வருகிறது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதித் தவறுகள் காணாமல் போகும்.

ஆளையே தெரியாவிட்டால்? யாரோ ஒருவர் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். "சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா." இங்கே 'தேர்' தான் இயல்பு. ஒரு ஆளுக்குப் பன்மையா என்று சண்டைக்கு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டங்களின் மொழியைச் சுருக்குவதற்காக ஒரு சட்டம் இயற்றி, ஆண்பாற் சொற்கள் பெண்களையும் சேர்த்தே குறிக்கும் என்று எழுதிவைத்தது. 'ஹீ' என்றால் எல்லோரும்தான் என்று பள்ளிக்கூடங்களும் நீண்ட காலம் சொல்லிக்கொடுத்தன. ஆனால் ஜனங்கள் பேசுவது அதற்கு ரொம்ப முன்னாலேயே வேறு மாதிரிதான் இருந்தது, யாரென்று குறிப்பிடாத ஒற்றை ஆளுக்கு 'தே' போடுவது 14-ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே கிடைக்கிறது. ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் தங்களைச் சேர்க்காதவர்களைக் குறிக்கும் 'தே'யையும் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019-இல் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடும் அதே வருடம் ஒருமை 'தே'யை ஏற்றுக்கொண்டது.

ஒரு ஆளுக்கு எப்படி 'தே ஆர்' என்று எழுதுவது என்று இன்னும் கூச்சமாக இருந்தால் 'யூ'வைப் பாருங்கள். 'யூ' பன்மைச் சொல்லாக இருந்ததுதான். நம் 'நீ' மாதிரி அவர்களுக்கு 'தௌ' இருந்தது, 'யூ' நம் 'நீங்கள்' மாதிரி, பலருக்கும் வரும், மரியாதைக்காக ஒருவருக்கும் வரும். மரியாதை கூடிக் கூடி எல்லோருக்கும் 'யூ' என்றாகி, 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'தௌ' பொது வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்தப் பழைய பன்மையின் தடம்தான் இன்றும் ஒரே ஆளிடம் "யூ ஆர்" என்று நாம் சொல்வது. அதில் கூச்சப்படாதவர்கள் 'தே ஆர்' என்பதில் மட்டும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி எனக்கு ஆங்கில இலக்கணத்திலேயே மிகவும் சுவையாகப் படுகிற இடம்: 'டீம்', 'கமிட்டி', 'ஃபேமிலி', 'ஜூரி' போன்ற கூட்டச் சொற்கள். உருவத்தில் ஒருமை, உள்ளே பல பேர். 'இட்'டா 'தே'யா? பிரிட்டிஷ்காரர்கள் பன்மை போடுவார்கள், அமெரிக்கர்கள் ஒருமை போடுவார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது வினைச்சொல்லைப் பற்றிய வரையில் ஓரளவு சரி, பிரதிப்பெயருக்கு அது போதாது. இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "தி டீம் வாஸ் ஃபார்ம்ட் இன் 1990." அடுத்த வாக்கியம் எதில் தொடங்கும்? "இட் ஹேஸ் லெவன் பிளேயர்ஸ்." இங்கே 'தே' வராது, பதினோரு பேரைக் கொண்டிருப்பது அந்த அணி என்ற ஒற்றை அமைப்பு. இப்போது இன்னொன்று: "தி டீம் டுக் ஆஃப் தேர் ஷூஸ்." இங்கே 'இட்ஸ் ஷூஸ்' என்று போட்டுப் பாருங்கள், அணி என்கிற ஒரு பெரிய பிராணி குனிந்து தன் காலணியைக் கழற்றுகிற மாதிரி இருக்கும். அமைப்புகள் தொடங்கப்படும், கலைக்கப்படும். காலணி கழற்றுவதும் சாப்பிடுவதும் தூங்குவதும் ஆட்கள். வினையின் அர்த்தம் கூட்டத்தின் எந்த முகத்தைக் காட்டுகிறதோ அதற்கேற்பப் பிரதிப்பெயர் வருகிறது.

இன்னும் நுணுக்கம் இருக்கிறது. "திஸ் கமிட்டி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஒரு கமிட்டியைச் சுட்டி "தீஸ் கமிட்டி" என்று எந்த நாட்டு ஆங்கிலக்காரரும் சொல்ல மாட்டார். வினைச்சொல்லுக்கு வந்தால் சிலர் 'ஹேஸ்' என்பார்கள், சிலர் 'ஹேவ்' என்பார்கள். அதையும் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டால், 'ஹேஸ்' போட்ட ஆளே கூச்சமில்லாமல் 'தே' என்று தொடர்வார்: "தி கமிட்டி ஹேஸ் டிசைடட். தே வில் டெல் அஸ் டுமாரோ." கிரெவில் கார்பெட் என்ற மொழியியலாளர் 1979-இல் இதை ஒரு படிவரிசையாக வைத்துக் காட்டினார்: பெயரோடு ஒட்டிய அடைமொழி, அப்புறம் வினை, அப்புறம் 'ஹூ', 'விச்' வகை, கடைசியில் 'ஹீ', 'இட்', 'தே' வகை. இந்த வரிசையில் போகப்போக உருவத்தின் பிடி தளர்ந்து அர்த்தத்தின் பிடி இறுகுகிறது. ஆங்கிலத்துக்கு மட்டும் இல்லாமல் பல மொழிகளுக்கும் இது பொருந்துகிறது என்பதுதான் அதன் அழகு. மேலே பார்த்த பழைய ஆங்கிலப் பெண்ணுக்கு நடந்ததும் இதேதான்.

உருவம் ஜெயிக்கிற இடங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "வேர் ஆர் தி சிஸர்ஸ்? ஐ நீட் தெம்." கையில் இருப்பது ஒரே கத்தரிக்கோல், ஆனாலும் 'தெம்'. பேன்ட், கண்ணாடி எல்லாம் இந்த ரகம். இரண்டு கால், இரண்டு கண், இரண்டு அலகு என்ற இரட்டைத்தன்மை சொல்லுக்குள் உறைந்துபோய்விட்டது, 'எ பேர் ஆஃப்' என்று அதைத் தொட்டுக் காட்டுவதும் உண்டு. எதிர்ப்பக்கம் 'நியூஸ்': கடைசியில் 'ஸ்' இருந்தும் 'இட்'. 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்': பத்துப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தாலும் 'லக்கேஜ்' என்றதும் "வேர் இஸ் இட்?"தான். ஆங்கிலம் அவற்றைத் தண்ணீர் மாதிரி எண்ண முடியாத ஒன்றாகப் பார்க்கிறது. இந்தப் பட்டியலை மட்டும் பழகித்தான் தீர வேண்டும்.

'இட்', 'ஒன்' குழப்பம் இதைவிட அடிக்கடி வருவது. நோட்டைத் திருத்தும்போது நான் அதிகம் சுழித்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். "ஐ நீட் எ பென். டு யூ ஹேவ் இட்?" தமிழில் "பேனா வேணும், இருக்கா?" என்று கேட்டுவிடுவோம், அங்கே பிரதிப்பெயரே இல்லை. அதை ஆங்கிலமாக்கும்போது காலியான அந்த இடத்தில் பக்கத்தில் கிடைத்த 'இட்'டை எடுத்துச் செருகிவிடுகிறோம். ஆனால் 'இட்' என்றால் அந்தக் குறிப்பிட்ட பேனா, நம் இருவருக்கும் தெரிந்த பேனா. எனக்கு வேண்டியது ஏதோ ஒரு பேனா, அதனால் "டு யூ ஹேவ் ஒன்?" என் பேனா தொலைந்துபோய்த் தேடுகிறேன் என்றால் அப்போது "ஹேவ் யூ சீன் இட்?" 'பென்' என்ற சொல் மாறவில்லை, 'ஏதோ ஒன்று', 'அதே ஒன்று' என்ற நினைப்புதான் மாறியிருக்கிறது. எண்ண முடியாதவற்றுக்கு 'ஒன்' வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் வேண்டுமென்றால் "டு யூ ஹேவ் எனி?"

நினைப்புதான் முடிவு செய்கிறது என்பதற்கு இன்னும் பளிச்சென்று ஒரு உதாரணம். இசைக்குழுவை நடத்துபவர் ஒருவர் சொல்கிறார்: "தி ஃபர்ஸ்ட் வயலின் இஸ் லேட். ஷீ மிஸ்ட் ஹர் பஸ்." வயலினுக்கு எங்கே பஸ்? சொல் வயலின், சுட்டப்படுவது அதை வாசிக்கும் பெண். அதே குழுவில் கம்பி அறுந்திருந்தால் "தி வயலின் இஸ் டேமேஜ்ட். இட் நீட்ஸ் எ நியூ ஸ்ட்ரிங்" என்று 'இட்' வந்துவிடும்.

எழுதும்போது மட்டும் இல்லை, படிக்கும்போதும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. "மேரி அபாலஜைஸ்ட் டு ஆன் பிகாஸ் ஷீ வாஸ் லேட்." யார் தாமதம்? மேரி. "மேரி ஸ்கோல்டட் ஆன் பிகாஸ் ஷீ வாஸ் லேட்." இப்போது தாமதமாக வந்தது ஆன். வாக்கியத்தின் அமைப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, 'ஷீ' இருக்கிற இடம்கூட மாறவில்லை. மன்னிப்புக் கேட்பவர்தான் தப்புச் செய்திருப்பார், திட்டு வாங்குபவர்தான் தப்புச் செய்திருப்பார் என்று வினைச்சொல்லின் அர்த்தமே நமக்குக் காதில் சொல்லிவிடுகிறது. கேத்தரின் கார்வி, ஆல்ஃபான்சோ கரமாட்சா என்ற இருவர் 1974-இல் இதைப் பற்றி எழுதியதிலிருந்து, எந்த வினை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று மொழி உளவியலில் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். தமிழில் 'அவள்' போட்டு இதே இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள், அதே பதில்தான் வரும்.

சில வினைகள் எந்தப் பக்கமும் சாய்க்காது. "மேரி மெட் ஆன் வென் ஷீ வாஸ் இன் காலேஜ்." கல்லூரியில் இருந்தது யார் என்று இந்த வாக்கியத்தை எத்தனை தடவை படித்தாலும் தெரியாது, 'மெட்' என்ற வினை அதில் வாயே திறப்பதில்லை. அந்த மாதிரி இடத்தில் 'ஷீ'யை எடுத்துவிட்டுப் பெயரையே இன்னொரு முறை எழுதிவிடுங்கள்.